டைட்டானியம் வீல் நட்டா, எஃகு நட்டா? ஒரு மஸ்டாங்கை முன்வைத்து ஓர் ஒப்பீடு

டைட்டானியம் வீல் நட்டு வாங்க விரும்புகிறவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலானோர் எடையைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, சொல்லப்படும் காரணங்களில் மிகவும் வலுவற்றது அதுதான். டைட்டானியத்தை நாடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லா ஓட்டுநர்களுக்கும் பொருந்துவதில்லை. பொருந்துகிறவர்களுக்கும், சரியான தரத்தில் வாங்கி முறையாக முறுக்கினால் மட்டுமே பலன் கிடைக்கும். தரமான எஃகு நட்டு, 7075 என்னும் வலிமையான கலவையில் செய்த அலுமினிய நட்டு, ஐந்தாம் தர டைட்டானிய நட்டு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, யாருக்கு எது தகும் என்று சொல்ல முயல்கிறேன்.

பொதுப்படையாகப் பேசினால் எண்கள் கைக்கு வராது என்பதால் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு மஸ்டாங்கின் ஆறாம் தலைமுறை, வலப்பக்க ஸ்டீயரிங்குடன் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட முதல் மஸ்டாங். 2016இல் அது முழுதாக இறக்குமதி செய்யப்பட்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் ஜி.டி. வகையில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து எம்14×1.5 ஸ்டட்டுகள் (ஹப் எனப்படும் சக்கர மையத்திலிருந்து நீளும் மரைத் தண்டுகள்; 14 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி) பிடித்திருக்கின்றன. அவை 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன, நட்டு சக்கரத்தில் அமரும் பகுதியான இருக்கை கூம்பு வடிவம், நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு அளவு 204 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து இருபது நட்டுகள் தேவை. வேறு கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காரின் கையேட்டிலுள்ள எண்களை இந்த இடங்களில் வைத்துக்கொள்ளலாம். டொயோட்டா ஜி.ஆர்.86க்கும் சுபாரு பி.ஆர்.இசட்.டுக்கும் எம்12×1.25, இப்போதைய மஸ்டா எம்.எக்ஸ்.5க்கு எம்12×1.5. விட்டம் ஒன்றாகவே இருந்தாலும் மரையின் இடைவெளி வேறு என்பதால் ஒன்றின் நட்டை மற்றொன்றில் போட முடியாது. ஏர் கன்னால் வலிந்து ஏற்றினால் ஸ்டட்டின் மரை முதல் சில சுற்றுகளிலேயே சிதைந்துவிடும்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். ஐந்தாம் தர டைட்டானியத்தின் அடர்த்தி 4.43 கிராம், 7075 அலுமினியத்தின் அடர்த்தி 2.81 கிராம். 70 கிராம் எடையுள்ள ஓர் எஃகு நட்டை அதே வடிவில் டைட்டானியத்தில் செய்தால் ஏறக்குறைய 40 கிராம் வரும். ஆக ஒரு சக்கரத்துக்கு 150 கிராம், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 600 கிராம் குறையும். சக்கரமும் டயருமாகச் சுமார் 25 கிலோ எடையுள்ள ஒன்றில் 150 கிராம் குறைவதை எந்த ஓட்டுநராலும் உணர முடியாது. புதிய டயர் ஒன்று தேய்ந்து முடிவதற்குள் ஒரு கிலோவுக்கு மேல் ரப்பரை இழந்துவிடுகிறது, அதையே நாம் கவனிப்பதில்லை.

சுழலும் எடை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம் என்று வாதிடுவோரும் உண்டு. சுழலும் எடையின் தாக்கம் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நட்டுகள் மையத்திலிருந்து 57 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. 255/40 ஆர்19 டயரின் வெளிவிளிம்போ 343 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எனவே நட்டில் குறையும் ஒரு கிராம், டயரின் விளிம்பில் குறையும் ஒரு கிராமில் முப்பத்தாறில் ஒரு பங்குப் பலனையே தரும். இலேசான சக்கரத்துக்கும் டயருக்கும் செலவிட வேண்டிய பணத்தை நட்டுகளில் போடுவது எடையைக் குறைக்கும் வழியாகாது. எடை மட்டுமே நோக்கம் என்றால் அலுமினிய நட்டு அதையும் டைட்டானியத்தைவிட மலிவாக, இன்னும் கூடுதலாகவே செய்துவிடும்.

அப்படியானால் டைட்டானியம் எதற்கு? வெப்பம், துரு, திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டும் பழக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

அலுமினியத்திலிருந்து தொடங்குகிறேன். அலுமினிய நட்டு என்றாலே ஆபத்து என்று பலர் அஞ்சுவது சரியல்ல. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட போர்ஷே 911 கார்களில் எஃகு ஸ்டட்டுகளின்மீது அலுமினிய நட்டுகளே பல ஆண்டுகள் தொழிற்சாலையிலிருந்து வந்தன. அவற்றை 130 நியூட்டன் மீட்டரில் முறுக்கி, நெடுஞ்சாலையிலும் பந்தயத்திலும் ஓட்டினார்கள். ஆனால் அந்த நட்டுகள் அந்த ஸ்டட்டுக்கும் அந்த முறுக்கு அளவுக்கும் என்றே வடிவமைக்கப்பட்டவை. இன்று வண்ணவண்ணமாக விற்கப்படும் 7075 நட்டுகளை 204 நியூட்டன் மீட்டர் கேட்கும் காரில் போடுவது வேறு விஷயம். பதப்படுத்திய 7075இன் (7075-டி6) இழுவலிமை ஏறத்தாழ 570 மெகாபாஸ்கல். அந்த வலிமையை அது பெறுவதே 120 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் பதப்படுத்துவதால்தான். அதைவிடக் கூடிய சூட்டில் தொடர்ந்து இருந்தால் பதம் தளர்ந்து வலிமை குறையத் தொடங்கும், ஆறிய பிறகு அது திரும்பி வருவதும் இல்லை. பந்தயத் தடத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது டிஸ்கின் நடுப்பகுதியிலிருந்து ஹப்புக்கும் ஸ்டட்டுக்கும் ஏறும் சூடு இந்த எல்லையைத் தொடக்கூடியது. வாரந்தோறும் கழற்றி மாட்டினால் கடினமான எஃகு ஸ்டட்டின்மீது மென்மையான அலுமினிய மரை தேய்ந்துகொண்டே வரும். காட்சிக்கு நிறுத்தும் காருக்கு அது போதுமானது. தடத்தில் ஓடும் மஸ்டாங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஃகில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் தொழிற்சாலையிலிருந்தே வருவது எஃகு நட்டின்மீது மெல்லிய பளபளப்புத் தகட்டை உறையாகப் போர்த்திய இருதுண்டு நட்டு. தகட்டுக்கும் உள்நட்டுக்கும் இடையில் நீர் புகுந்தால் உள்ளே துரு ஏறி உறை புடைக்கும். பிறகு 21 மில்லிமீட்டர் சாக்கெட் உள்ளே போகாது, அல்லது போய்ச் சிக்கிக்கொள்ளும். உறை கழன்றுவிட்டாலோ அந்த சாக்கெட் தொளதொளவென்று சுற்றும். நடுவழியில் டயர் பஞ்சரானவர் இந்த நிலையில் நிற்பதைவிடத் தொல்லை வேறில்லை. இன்னொரு வகை, ஒரே துண்டாக அடித்து உருவாக்கிப் பதப்படுத்திய குரோம்-மாலிப்டினம் எஃகு நட்டு. ஜப்பானியத் தயாரிப்புகளில் எஸ்.சி.எம்.435 என்று குறிப்பிடப்படுவது இந்த வகை எஃகுதான். உறை இல்லாததால் புடைப்பதற்கு எதுவும் இல்லை, அறுகோணம் எளிதில் மழுங்காது, சூட்டைப் பற்றிக் கவலையில்லை, விலையும் நியாயமானது. அதன் குறை, மேற்பூச்சு சாக்கெட்டால் உரசப்பட்ட இடங்களில் துரு படிவது மட்டுமே. உறைபோட்ட நட்டை மாற்ற நினைக்கும் ஒருவர் டைட்டானியத்துக்குத் தாவுவதற்கு முன் இந்த ஒருதுண்டு எஃகைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மஸ்டாங் உரிமையாளர்களில் பெரும்பாலோரின் தேவை இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி டைட்டானியம். ஐந்தாம் தரம் என்பது 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த உலோகக் கலவை. மென்பதத்திலேயே இதன் இழுவலிமை குறைந்தது 895 மெகாபாஸ்கல். கரைசல் பதம், முதிர்வுப் பதம் என்னும் வெப்பமுறைகளைக் கொடுத்தால் 1,100 மெகாபாஸ்கலைத் தொடும். 300 டிகிரி சூட்டிலும் பயன்படுத்தத்தக்க வலிமை இதற்கு உண்டு என்பதால் பிரேக் சூடு இதற்கு ஒரு பொருட்டல்ல. உப்புக்காற்றில் இது துருப்பிடிப்பதே இல்லை. சென்னையிலோ புதுச்சேரியிலோ கடலோரச் சாலையில் கார் வைத்திருப்பவர்கள், எஃகு நட்டின் பூச்சு உரிந்த இடத்தில் ஓரிரு மழைக்காலத்துக்குள் செம்பழுப்பு படிவதைப் பார்த்திருப்பார்கள். டைட்டானியத்தில் அது நேராது.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. நட்டு டைட்டானியமாக இருந்தாலும் உள்ளிருக்கும் ஸ்டட் எஃகுதான். இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் நின்றால் வேதிவினையில் அரிபடுவது டைட்டானியம் அல்ல, அதன் பக்கத்திலுள்ள எஃகும் அலுமினியச் சக்கரமும்தான். நட்டின் பரப்பு சிறியதாகவும் சக்கரத்தின் பரப்பு பெரியதாகவும் இருப்பதால் சக்கரத்தில் இந்தப் பாதிப்பு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் ஸ்டட்டின் மரையில், குறிப்பாக முனை திறந்த நட்டைப் போட்டிருந்தால், துரு படியத்தான் செய்யும். கடலோரத்தில் இருப்பவர்கள் முனை மூடிய நட்டை எடுப்பது நல்லது. நீண்ட ஸ்டட் மாற்றியவர்களுக்கு மூடிய நட்டு பயன்படாது, ஸ்டட்டின் முனை உள்ளே முட்டி நின்றுவிடும். அப்போது டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு அளவை எட்டியதும் சொடுக்கும் கருவி) சொடுக்கிவிடும், சக்கரமோ இறுகியிருக்காது. ஏமாற்றக்கூடிய இந்த நிலையைத் தவிர்க்க, ஸ்டட் வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அளந்த பிறகே நட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மரை எவ்வளவு ஆழம் பிடிக்கிறது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. எஃகு ஸ்டட்டில் எஃகு அல்லது ஐந்தாம் தர டைட்டானிய நட்டுக்கு, ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழமாவது மரை பிடித்திருக்க வேண்டும். எம்14 என்றால் 14 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் என்பதால் முதல் பிடியிலிருந்து நட்டு இருக்கையில் அமரும்வரை குறைந்தது ஒன்பதரைச் சுற்று வர வேண்டும். அமெரிக்காவின் இழுபந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியும் இதே விட்டக் கணக்கைத்தான் கேட்கிறது. அலுமினிய நட்டானால் ஒன்றேகால் முதல் ஒன்றரை விட்டம்வரை இருப்பது நல்லது. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையில் ஸ்பேசர் என்னும் தட்டைப் போட்டவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தச் சோதனையைத்தான், கைவிரல்களால் எண்ணியே இதைச் செய்துவிடலாம்.

டைட்டானியத்தின் உண்மையான பலவீனம் வலிமையில் இல்லை, உரசலில் இருக்கிறது. அழுத்தத்தில் உரசும்போது அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் கிழிந்து, வெறும் உலோகம் எதிர்ப்பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த சுற்றில் ஒட்டிய துணுக்கு பிய்ந்து மரையை உழுகிறது, உழுத இடம் மேலும் பிடிக்கிறது. கையில் இதை உணர முடியும். எளிதாகச் சுழன்று வந்த நட்டு திடீரென்று கரகரக்கும், ரெஞ்சில் முறுக்கு சீராக ஏறாமல் விட்டுவிட்டு ஏறும், கழற்றிப் பார்த்தால் ஸ்டட்டின் மரையில் சாம்பல் நிறப் பிசிறுகள் ஒட்டியிருக்கும். அந்த நிலைக்கு வந்த நட்டையும் ஸ்டட்டையும் மறுபடி பயன்படுத்தவே கூடாது. டைட்டானிய ஸ்டட்டில் டைட்டானிய நட்டு என்பது இந்த வகையில் மிக மோசமான சேர்க்கை, எஃகு ஸ்டட்டில் டைட்டானிய நட்டு அதைவிடப் பெரிதும் மேல். துத்தநாகப் பூச்சோ பாஸ்பேட் பூச்சோ கெடாமல் இருக்கும் புதிய ஸ்டட்டுகள் இன்னும் நல்லவை. பழைய, துருவேறிய ஸ்டட்டில் விலையுயர்ந்த நட்டைப் போடுவது அந்த நட்டை முதல் நாளிலேயே கெடுப்பதற்குச் சமம்.

ஒட்டாமல் தடுக்க மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசையையோ நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையையோ மரையில் மெல்லியதாகத் தடவச் சொல்வார்கள். டைட்டானியத்துக்கு அது தேவைதான். ஆனால் தடவிய பிறகும் பழைய முறுக்கு அளவையே வைத்து முறுக்குவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டார்க் ரெஞ்ச் அளப்பது நாம் கொடுக்கும் முறுக்கை. சக்கரத்தைப் பிடித்திருப்பது ஸ்டட் நீள்வதால் உண்டாகும் இழுவிசை. கொடுக்கும் முறுக்கில் பெரும்பங்கு மரையிலும் நட்டின் இருக்கையிலும் உராய்வுக்கே செலவாகி, பத்தில் ஒரு பங்கு போலத்தான் ஸ்டட்டை இழுக்கிறது. முறுக்கு, உராய்வெண் சேர்ந்த ஒரு மாறிலி, ஸ்டட்டின் விட்டம், இழுவிசை ஆகியவற்றை இணைக்கும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. முறுக்கை அந்த மாறிலியாலும் விட்டத்தாலும் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். உலர்ந்த எஃகு மரைக்கு மாறிலி சுமார் 0.2. 204 நியூட்டன் மீட்டரை 0.2ஆலும் 0.014 மீட்டராலும் வகுத்தால் ஏறக்குறைய 73 கிலோநியூட்டன் வருகிறது. மரையிலும் இருக்கையிலும் பசை பட்டு மாறிலி 0.14 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே 204 நியூட்டன் மீட்டர் இப்போது 104 கிலோநியூட்டன் இழுவிசையைத் தருகிறது. எம்14×1.5 ஸ்டட்டின் விசை தாங்கும் குறுக்குப் பரப்பு 125 சதுர மில்லிமீட்டர். 10.9 என்ற வலிமை வகை எஃகின் சான்றழுத்தம், அதாவது நிரந்தரமாக நீளாமல் தாங்கும் அழுத்தம், 830 மெகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் வருவதும் 104 கிலோநியூட்டன்தான். அதாவது, ஸ்டட் 10.9 வகையாக இருந்தால், பாதுகாப்பாகத் தாங்கும் எல்லையின் விளிம்பிலேயே அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். இதன்மேல் வளைவில் வரும் பக்கவிசையும் சூட்டில் அலுமினியச் சக்கரம் விரிவதும் சேரும்போது ஸ்டட் நிரந்தரமாக நீளத் தொடங்கலாம். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது. ஒருமுறை நீண்டுவிட்ட ஸ்டட் ஆறிய பிறகு முன்புபோல இறுகப் பிடிப்பதில்லை.

அதே 73 கிலோநியூட்டனைப் பசையோடு பெற 143 நியூட்டன் மீட்டர் போதும் என்று சூத்திரம் சொல்லும். அதற்காக யாரும் தம் காரில் 143 என்று வைத்து முறுக்கிவிடக் கூடாது. மாறிலி பசைக்குப் பசை, பூச்சுக்குப் பூச்சு மாறும். இருக்கையில் பசை படாமல் மரையில் மட்டும் பட்டிருந்தால் வேறோர் எண் வரும். இந்த எண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் நட்டைச் செய்தவர். எந்தப் பசை, எங்கே தடவ வேண்டும், அப்போது முறுக்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் தராத தயாரிப்பாளரின் டைட்டானிய நட்டை வாங்க வேண்டாம். விலை, நிறம், பெட்டியின் அழகு எல்லாவற்றையும்விட நான் முதலில் தேடுவது அந்த ஒரு தாளைத்தான். எஃகு நட்டில் இந்தச் சிக்கலே இல்லை. உலர்ந்த சுத்தமான மரையில் கார்க் கையேட்டிலுள்ள அளவுக்கு முறுக்கினால் வேலை முடிந்தது. எஃகுக்குச் சாதகமாக இருக்கும் காரணங்களில் இதை மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

டைட்டானியத்துக்கு ஒரு சிறு சாதகத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் மீள்தன்மைக் குணகம் (நெகிழாமல் விறைத்து நிற்கும் அளவு) 114 கிகாபாஸ்கல், எஃகினுடையது 205 அளவில் இருக்கிறது. எஃகு நட்டில் முதல் மரையே மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். சற்று நெகிழும் டைட்டானியத்தில் சுமை அடுத்தடுத்த மரைகளுக்கு இன்னும் சீராகப் பரவும். திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஸ்டட் உடையும் களைப்புமுறிவு பொதுவாக முதல் மரையில்தான் தொடங்குகிறது என்பதால் இது நல்லதே. ஆயினும் இதற்காகவே வாங்கலாம் என்னும் அளவுக்குப் பெரிய பலன் அல்ல.

இருக்கையைப் பொறுத்தவரை, மூன்று உலோகங்களுக்கும் பொருந்தும் விதி ஒன்றே: சக்கரத்தின் துளை எந்த வடிவமோ நட்டும் அதே வடிவம். மஸ்டாங்குக்குக் கூம்பு வடிவம், ஹோண்டாவின் தொழிற்சாலைச் சக்கரங்களுக்கு உருண்டை வடிவம். உருண்டை இருக்கையில் கூம்பு நட்டை வைத்தால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும், இறுக்கம் சில கிலோமீட்டரிலேயே தளரும். டைட்டானியத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, நட்டின் கூம்பு தனியே சுழலும் வளையமாக அமைந்திருக்கிறதா என்பது. நட்டு சுற்றும்போது வளையம் நகராமல் சக்கரத்தில் அமர்ந்துகொண்டால் அலுமினிய இருக்கை உழப்படாது, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் இழுவிசையும் சீராக இருக்கும். அடிக்கடி சக்கரம் மாற்றுபவர் டைட்டானியம் வாங்கினால் இந்த அமைப்புள்ளதையே தேட வேண்டும். இருக்கைமீது கெட்டியாகப் பெயின்ட் அடித்த சக்கரங்களில் எந்த நட்டும் தளரும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெயின்ட் நசுங்கும் அளவுக்கு இறுக்கம் குறையும்.

சந்தையில் டைட்டானியம் என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் டைட்டானியம் அல்ல. நீலமும் ஊதாவும் கலந்த தீய்ந்த நிறம் டைட்டானியத்தில் ஆக்சைடு படலத்தின் தடிமனால் வருவது. அதே தோற்றத்தை எஃகின்மீது பூச்சாகக் கொடுத்துவிடலாம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் சாதாரண எஃகு பிடிபட்டுவிடும். அலுமினியத்தையும் காந்தம் ஒட்டாத சில எவர்சில்வர் வகைகளையும் அதனால் பிரிக்க முடியாது. வீட்டிலேயே செய்யத்தக்க நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. சமையலறையில் மாவு நிறுக்கும் மின்னணுத் தராசில் நட்டை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நட்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கங்களிலும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி தண்ணீரில் தொங்கவிடுங்கள். மூடிய நட்டானால் துளை மேலே பார்த்தபடி இருக்கட்டும், உள்ளே காற்றுக்குமிழ் நிற்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 40 கிராம் நட்டு தண்ணீரில் 9 கிராம் காட்டினால் 4.4, அது டைட்டானியம். 2.8 வந்தால் அலுமினியம், 8ஐ ஒட்டி வந்தால் எஃகு. தனிச்சுழல் வளையம் வேறு உலோகத்தில் இருந்தால் கணக்கு மாறும் என்பதால் அதைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அரை கிராமுக்கும் குறைவான அளவைக் காட்டும் தராசாக இருந்தால் விடை தெளிவாக இருக்கும்.

இந்தச் சோதனையால் பிடிபடாத ஏமாற்று ஒன்றுண்டு, அதுதான் அதிக ஆபத்தானது. இரண்டாம் தரம் எனப்படும் தூய டைட்டானியத்தின் அடர்த்தி 4.51. சமையலறைத் தராசு இதை ஐந்தாம் தரத்திலிருந்து பிரித்துக் காட்டாது. அதன் இழுவலிமையோ 345 மெகாபாஸ்கல் அளவில்தான் தொடங்குகிறது. ஐந்தாம் தரத்தில் பாதிகூட இல்லை, 7075 அலுமினியத்தையும் எட்டவில்லை. ‘டைட்டானியம்’ என்று மட்டும் எழுதி, தரத்தைச் சொல்லாத பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் தரம் என்று சொல்பவரிடம், தண்டு எந்த உலோகத் தொகுதியாக உருக்கப்பட்டதோ அந்தத் தொகுதியின் எண்ணோடு கூடிய பொருட்சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். டைட்டானியத் தண்டுகளுக்கான ஏ.எஸ்.டி.எம். பி348 தரவரையறை அதில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழ் தரத் தயங்கும் விற்பனையாளர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் விலகிவிடுவதே நல்லது. 204 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டிய பொருளில் தள்ளுபடிக்கு இடமில்லை.

விலை ஏன் இத்தனை மடங்கு என்று கேட்பவர்கள், டைட்டானியம் அரிதான பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் கனிமமான இல்மனைட் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது, கேரளத்தின் சவறாவில் டைட்டானியப் பஞ்சு ஆலையும் இருக்கிறது. விலையை ஏற்றுவது மணலிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் வழிதான். தாதுவைக் குளோரினோடு சேர்த்து டெட்ராகுளோரைடாக்கி, அதை மக்னீசியத்தால் ஒடுக்கி, கிடைக்கும் பஞ்சை வெற்றிடத்தில் உருக்க வேண்டும். அதன் பிறகும் கடைசல் வேலை மெதுவாகவே நடக்கும். டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது, அதனால் வெட்டும் இடத்திலேயே சூடு தங்கிக் கருவியின் முனையைத் தின்றுவிடுகிறது. இவ்வளவும் சேர்ந்த விலை என்பதால், எஃகு நட்டின் விலையை ஒட்டியே ‘டைட்டானியம்’ விற்கப்பட்டால் மேலே சொன்ன தராசை எடுத்துவிடுவது நல்லது.

யாருக்கு எது என்று இனிச் சொல்லலாம். தினசரி ஓட்டம், வார இறுதியில் நெடுஞ்சாலை, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சக்கரம் கழற்றப்படும் மஸ்டாங்குக்கு ஒருதுண்டு குரோம்-மாலிப்டினம் எஃகு நட்டே சரி. இந்தக் கார் என்றாவது ஒருநாள் இரவில் ஏதோ ஒரு பஞ்சர் கடையில் நிற்கும், அங்கே கடைக்காரர் ஏர் கன்னைத்தான் எடுப்பார். எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். டைட்டானியத்தில் அந்த வேகத்தில் உண்டாகும் சூடே மரையை ஒட்டவைக்கப் போதும், நட்டும் ஸ்டட்டும் ஒரே நொடியில் கெடும். தன் கார் சக்கரத்தைத் தான் இல்லாதபோது பிறர் தொட வாய்ப்புள்ளவர் டைட்டானியம் போடாமல் இருப்பதே நல்லது.

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ தொடர்ந்து ஓட்டி, தடத்துக்கெனத் தனிச் சக்கரங்களை வைத்து, ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே கழற்றி மாட்டுபவருக்கு டைட்டானியம் பொருந்தும். மழையிலும் உப்புக்காற்றிலும் கார் நிற்கும் கடலோரவாசியாகவும் அவர் இருந்தால் இன்னும் பொருந்தும். அவரும் நட்டோடு புதிய ஸ்டட்டுகளையும் ஆறுமுனை சாக்கெட்டையும் சரிபார்க்கப்பட்ட டார்க் ரெஞ்சையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தப் பணம் ஒதுக்க முடியவில்லை என்றால் டைட்டானியத்தைத் தள்ளிப்போட்டு, எஃகு நட்டோடு நல்ல டார்க் ரெஞ்சை வாங்குவது மேலான முடிவு. தடத்தில் ஓட்டுபவர் அலுமினியத்தை எண்ணவே வேண்டாம்.

வாங்கி மாட்டிய பிறகு கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு முறையும் ஸ்டட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். மணல் கலந்த பழைய பசை தேய்ப்புக்காகிதம்போல வேலை செய்யும். பசை கூம்பின்மீதோ சக்கரத்தின் இருக்கைமீதோ படலாமா கூடாதா என்பதில் தயாரிப்பாளர் சொன்னதையே பின்பற்றுங்கள். நட்டு இருக்கையைத் தொடும்வரை விரல்களாலேயே சுழன்று வர வேண்டும். வழியில் எங்காவது கரகரத்தால் நிறுத்திக் கழற்றிப் பாருங்கள், ரெஞ்சைக் கொண்டு தாண்டிப் போகாதீர்கள். பிறகு நட்சத்திர வரிசையில், முதலில் பாதி அளவும் அடுத்து முழு அளவுமாக முறுக்குங்கள். தடத்திலிருந்து வந்தவுடன் சூட்டோடு முறுக்கிய சக்கரம், ஆறியதும் அலுமினியம் சுருங்குவதால் இறுக்கத்தை இழக்கும். ஆகவே முறுக்கு பார்ப்பது எப்போதும் ஆறிய பிறகே இருக்கட்டும். சக்கரம் கழற்றி மாட்டப்பட்டால் 160 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபார்க்கச் சொல்கிறது ஃபோர்டின் கையேடு. தடத்தில் ஓடும் நாளில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் பார்த்துவிடுவது வழக்கமாக வேண்டும்.

பி.எம்.டபிள்யூ., ஆடி, 1998க்குப் பின் வந்த போர்ஷே போன்றவற்றில் ஸ்டட்டும் நட்டும் இல்லை, சக்கரத்தைப் போல்ட்டுகள் நேரடியாக ஹப்பில் பிடிக்கின்றன. அந்தக் கார்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே நீண்டு இழுவிசையைத் தாங்குவதே டைட்டானியமாகிவிடுகிறது, அதன் நெகிழ்வும் மரை செய்யப்பட்ட விதமும் நேரடியாகப் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. மரையைக் கடைந்து வெட்டியிருந்தால் அதன் அடிப்பகுதியில் வெடிப்பு தொடங்க வாய்ப்பு அதிகம், உருட்டி அழுத்தி உருவாக்கியிருந்தால் களைப்பைத் தாங்கும் வலிமை கூடும். எனவே போல்ட் வாங்குபவர், பொருட்சோதனைச் சான்றிதழோடு உருட்டிய மரைதானா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.